மறு: ஏற்பி வந்து அமரும் டி.என்.ஏ. துண்டு: ‘ஏவற்கூறு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ‘பிணைவிடம்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

பிணைவிடம் (புரதம் டி.என்.ஏ.வில் ஒட்டும் எந்த இடமும்) நல்ல சொல்தான், நானும் எழுதுகிறேன். நாம் இப்போது பெயர் தேடுவது அதைவிடக் குறுகலான ஒன்றுக்கு. ஆங்கிலத்தில் response element என்கிறார்கள்; மரபணுவுக்கு முன்னாலோ அருகிலோ இருக்கும் சிறு துண்டு அது. அதற்குத்தான் ‘ஏவற்கூறு’ என்ற முன்மொழிவு. அதில் உரிய ஏற்பி, அதாவது ஒரு சேதிப்பொருளை ஏற்று வேலை செய்யும் புரதம், அமர்ந்தால் மரபணுவின் வேலை கூடும், அல்லது குறையும். ஒரு புரதம் டி.என்.ஏ.வில் எத்தனையோ இடங்களில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் எல்லாம் மரபணு அசைந்து கொடுப்பதில்லை. சுண்டெலி, மனிதர் இருவரின் கல்லீரல் செல்களிலும் படியெடுப்புக் காரணிகள் (மரபணுவின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் புரதங்கள்) நான்கு எங்கெங்கே ஒட்டுகின்றன என்று 2007இல் ஒப்பிட்டார்கள். காரணியைப் பொறுத்து 41 முதல் 89 விழுக்காடு இடங்கள் ஏதோ ஓர் இனத்துக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. இதில் எது உடலின் வேலையை மாற்றுகிறது, எது வெறும் ஒட்டல் என்று பிரித்துச் சொல்ல இரண்டு சொற்கள் வேண்டும்.

எலி, மனிதர் வேறுபாடு பற்றிய நம் கட்டுரையில் வரும் கொலஸ்ட்ரால் பகுதியையே எடுத்துக்கொள்வோம். சுண்டெலிக்குக் கொலஸ்ட்ரால் மிகுந்த தீனி கொடுத்தால், கல்லீரலில் எல்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி முடுக்கப்படுகிறது. சிஒய்பி7ஏ1 மரபணுவின் முன்பகுதியில் அதற்கென ஒரு துண்டு உண்டு. டி.என்.ஏ. எழுத்துகளில் சொன்னால்: ஏஜிஜிடிசிஏ என்பதை ஒத்த ஆறெழுத்து, நான்கெழுத்து இடைவெளி, மறுபடி அதைப் போன்ற ஆறெழுத்து. எல்.எக்ஸ்.ஆர். தன் இணைப் புரதத்தோடு அங்கே அமர்கிறது. மரபணு முடுக்கம் பெற்று அது தரும் நொதி பெருகுகிறது, மிகுதிக் கொலஸ்ட்ரால் பித்த அமிலமாக மாறுகிறது. நமக்கும் அதே ஏற்பி உண்டு, அதே மரபணுவும் உண்டு. முன்பகுதியில் அந்த எழுத்துகள் மட்டும் மாறிப்போயிருக்கின்றன, அதனால் எல்.எக்ஸ்.ஆர். அமர வழியில்லை. சுண்டெலியின் மரபணுவை நீக்கிவிட்டு, மனித மரபணுவை அதன் முன்பகுதியோடு வைத்தும் சோதித்திருக்கிறார்கள். ஏற்பி சுண்டெலியுடையது, தீனியிலும் கொலஸ்ட்ரால் மிகுதி. ஆனாலும் நொதி பெருகவில்லை.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: “மனிதரின் சிஒய்பி7ஏ1 மரபணுவில் எல்.எக்ஸ்.ஆர். ஏவற்கூறு இல்லை.” ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

> ‘மறுவினைக் கூறு’ ஆங்கிலத்துக்கு நேராக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடில்லை. மறுவினை என்றதும் படிப்பவர் வேதிவினையை நினைப்பார். இந்தத் துண்டு எந்த வினையும் புரிவதில்லை. ஏற்பி அங்கே அமர்வதால் மரபணு ஏவப்படுகிறது, அவ்வளவுதான்.

> ‘ஏவல்’ என்றாலே பில்லி, சூனியம் நினைவுக்கு வருகிறதே?

நியாயமான தயக்கம். ஆனால் ஏவல் வினையைப் பள்ளியிலேயே படிக்கிறோம், ஏவுகணையைத் தினமும் செய்தியில் கேட்கிறோம். இன்னொன்றும் இருக்கிறது. கார்ட்டிசால் ஹார்மோனின் ஏற்பி சில மரபணுக்களில் அமர்ந்து அவற்றை அடக்குகிறது. அத்தகைய துண்டுக்கு என்ன பெயர் வைப்பது? ‘செய்யாதே’ என்பதை நம் இலக்கணம் எதிர்மறை ஏவல் என்கிறது. அப்படியானால் இது எதிர்மறை ஏவற்கூறு. இந்த வசதி ‘ஊக்கக் கூறு’, ‘தூண்டிடம்’ போன்ற மற்ற முன்மொழிவுகளில் கிடைக்காது. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதே இதனால்தான்.

அப்புறம், கட்டுரையின் மூன்றாம் பத்தி பற்றி. எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு எல்லாமே ஏவற்கூற்றில் இருப்பதுபோல் வரைவு எழுதப்பட்டிருக்கிறது. அது சரியில்லை. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஃபைப்ரேட் மருந்துகளைப் பாருங்கள். நீண்ட நாள் கொடுத்தால் எலிகளின் கல்லீரல் வீங்குகிறது, பெராக்சிசோம்கள் என்ற செல் நுண்ணுறுப்புகள் பெருகுகின்றன, புற்றுக்கட்டிகள்கூட வருகின்றன. மனிதருக்கு இரத்தத்தில் டிரைகிளிசரைடு குறைகிறது, ஆனால் கல்லீரல் அப்படி வீங்குவதில்லை. இதை நடத்தும் பிபிஏஆர்-ஆல்பா ஏற்பி மனிதக் கல்லீரலில் சுண்டெலியைவிடக் குறைவு. அளவை மட்டும் காரணம் காட்டவும் முடியாது. சுண்டெலியில் மனித ஏற்பியைப் போதுமான அளவில் வைத்து மருந்து கொடுத்தபோதும் இரத்தக் கொழுப்பு குறைந்தது, கல்லீரல் செல்கள் பெருகவில்லை. ஏற்பியே வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று பொருள். எனவே ஏற்பி, ஏற்பியின் அளவு, ஏவற்கூறு மூன்றையும் கட்டுரை தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் எழுத்து வரிசையின் பங்கைக் குறைத்துவிடவும் வேண்டாம். மனிதரின் 21ஆம் குரோமோசோமைச் சுமக்கும் சுண்டெலிகளின் கல்லீரலை 2008இல் ஆராய்ந்தார்கள். காரணிகள் சுண்டெலியுடையவை, அவை அமர்ந்த இடங்களோ பெரும்பாலும் மனிதக் கல்லீரலில் அமரும் அதே இடங்கள். இந்த ஆய்வு வரைவில் இல்லை, கட்டாயம் சேர்க்க வேண்டும்.

பிபிஏஆர் ஏவற்கூற்றில் இரண்டு ஆறெழுத்துகளுக்கும் நடுவே இடைவெளி ஓரெழுத்துதான், எல்.எக்ஸ்.ஆருக்கு நான்கு. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து ஒரு படம் வரைந்து தர யாராவது முன்வந்தால் பெரிய உதவி. மரபணுவின் ‘முன்பகுதி’ என்று நான் எழுதியிருப்பது தற்காலிகம்தான். அதற்குத் தனி மடல் இழை தொடங்கலாம்.