லாஃப்ட்: பரணா, போர்வையா?

> லாஃப்ட் என்றால் பரண்தானே? ‘பரண் பரப்பு’ என்றே வைத்துவிடலாமே.

கேட் (CAD) எனப்படும் கணினி வடிவமைப்பு மென்பொருளில் உள்ள ‘லாஃப்ட்’ (loft) கட்டளைக்குத் தமிழ்ச் சொல் தேடும்போது வந்த கேள்வி இது. அகராதிப்படி சரிதான். அந்தக் காலத்துக் கப்பல் கட்டுமிடங்களில் மேல்மாடித் தரையில் கப்பலின் வடிவக் கோடுகளை முழு அளவில் வரைவார்கள். அந்த மாடியின் பெயர்தான் வேலைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் கேட் மென்பொருளில் ‘பரண்’ என்று ஒரு பொத்தானைப் பார்ப்பவர் ஏணியைத்தான் தேடுவார்.

ஒரு ஷாம்பு புட்டியை எடுத்துக்கொள்வோம். அடியில் நீள்வட்டம், இடுப்பில் கொஞ்சம் ஒடுங்கிய நீள்வட்டம், கழுத்தில் வட்டம். மூன்று வெட்டுமுகங்களையும் தொட்டுக்கொண்டு போகும்படி மென்பொருள் ஒரு பரப்பை விரிக்கிறது. முரசின் சட்டத்துக்குத் தோல் போர்த்துகிறோமே, அதே வேலை. அதனால் கட்டளைக்கு ‘போர்த்து’, விளைவதற்குப் ‘போர்வைப் பரப்பு’ என்பது என் பரிந்துரை.

இன்னொரு வசதியும் உண்டு. பரப்புக்குத் தடிமன் கிடையாது, துணி மாதிரிதான். ஆகவே துணியின் வினைகளும் கூடவே வந்துவிடுகின்றன: மிஞ்சியதைக் கத்தரி, விளிம்புகளைத் தை, ஓட்டைக்கு ஒட்டுப் போடு. எல்லாப் பக்கமும் தைத்து மூடிய பிறகுதான் அது திண்மம். வெட்டுமுகங்களின் தொடக்கப் புள்ளிகள் நேருக்கு நேர் இல்லையென்றால் புட்டி ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் ஆகிவிடும். போன வாரம் அரை நாள் எனக்கு இதில்தான் போனது. ‘போர்வை முறுக்கிக்கொண்டது’ என்று பிழைச்செய்தி வந்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். ‘பரண் முறுக்கிக்கொண்டது’ என்றால்? சரி, விடுங்கள்.

> கட்டளைக்கு ‘போர்த்து’

உங்கள் பரிந்துரையில் ஒரு நெருடல். போர்த்த உள்ளே ஓர் ஆள் வேண்டும். இங்கே வெறும் வளையங்கள்தான். ஆனாலும் முரசும் உள்ளே வெற்றிடம்தான் என்பதால் ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம், இரண்டு பரப்புகள் மூட்டில் எவ்வளவு வழுவழுப்பாகச் சேர்கின்றன என்பதைச் சொல்லும் ஜி0, ஜி1, ஜி2 (G0, G1, G2) என்ற மூன்றையும் தொடர்ச்சி, தொடுகோட்டுத் தொடர்ச்சி, வளைமைத் தொடர்ச்சி என்று நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறோம். பரப்பின் வழுவழுப்பைச் சோதிக்க மென்பொருள் அதன்மேல் காட்டும் வரிக்குதிரைப் பட்டைகளைப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் பட்டைகள் மூட்டில் அறுந்து விலகி நிற்கும். இரண்டாவதில் சேரும், ஆனால் மூட்டில் மடங்கும். மூன்றாவதில் மூட்டு இருக்குமிடமே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். முட்டல், நேர்தல், இழைதல் என்று வைக்கலாமா? ‘இந்த விளிம்பு இழையவில்லை, முட்டிக்கொண்டுதான் நிற்கிறது’ என்று வாயாலும் சொல்ல முடிகிறது. ‘நேர்தல்’ மட்டும் கொஞ்சம் இடிக்கிறது, ‘நிகழ்தல்’ என்ற பொருளும் அதற்கு இருப்பதால். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.