கலைச்சொல்: ஃப்ளோட் சார்ஜ் "மிதவை மின்னேற்றம்" ஆகுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார்ஹோமை (உள்ளேயே வீட்டு வசதிகள் கொண்ட வண்டி) இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஓட்டாமல் நிறுத்தி வைக்கும்போது பேட்டரியைப் பேணுவதற்கான கையேட்டின் சொற்பட்டியல் இறுதியாகிறது. வரைவில் ஃப்ளோட் சார்ஜ் "மிதவை மின்னேற்றம்", டிரிக்கிள் சார்ஜ் "சொட்டு மின்னேற்றம்". ஆனால் உள்ளே பல பக்கங்களில் இரண்டுமே "சொட்டு" ஆகிவிட்டன. பாராசிட்டிக் டிரெயினுக்கும் (அணைத்த பிறகும் கருவிகள் இழுப்பது) செல்ஃப் டிஸ்சார்ஜுக்கும் (பேட்டரி தனக்குள்ளேயே இழப்பது) "கசிவு" என்று ஒரே சொல். இப்படியே விடலாமா?

---

> இரண்டுமே "சொட்டு" ஆகிவிட்டன

விடக்கூடாது. அந்தப் பக்கத்தை நம்பிச் சார்ஜர் வாங்குபவரின் பேட்டரி கெடும்.

சொட்டு என்பது மாறாத சிறு மின்னோட்டம். பேட்டரி நிரம்பிய பிறகும் அது பாய்ந்துகொண்டே இருக்கும். ஏற்றிக்கொள்ள இடமில்லாத அந்த மின்னோட்டம் அமிலத்தில் உள்ள நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். நீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் மூடியைத் திறந்து பார்த்தால் தகடுகளின் மேல்விளிம்பு காய்ந்து வெளியே தெரியும். ஏஜிஎம், ஜெல் எனும் மூடிய வகைகளில் திறந்து ஊற்றவும் வழியில்லை.

ஃப்ளோட்டில் மாறாமல் இருப்பது மின்னழுத்தம். 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரிக்கு 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 13.5 வோல்ட், பேட்டரி வகையைப் பொறுத்து 13.2 முதல் 13.8 வரை. நிரம்பிய பேட்டரி அந்த அழுத்தத்தில் தான் இழந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை வாங்காது.

சார்ஜருக்கும் சுமைக்கும் (மின்சாரம் இழுக்கும் கருவிகள்) இணையாகப் பேட்டரி எந்நேரமும் இணைப்பிலேயே கிடப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது. தமிழில் "மிதவை" என்றால் அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டருக்குள் மிதக்கும் குண்டுதான் நினைவுக்கு வரும். செய்யும் வேலையைக் கொண்டு பெயரிடுவோம். இழந்ததை ஈடுகட்டுவதால் "ஈட்டு மின்னேற்றம்" என்பது என் பரிந்துரை.

---

> "ஈட்டு மின்னேற்றம்"

கருத்து பொருத்தம், வடிவம் இடறுகிறது. "ஈட்டு" என்றால் பொருளீட்டுவதுதான் முதலில் காதில் விழும். "ஈட்டிய விடுப்பு" வேறு, "ஈடுசெய் விடுப்பு" வேறு என்பது அலுவலகம் போகிறவர்களுக்குத் தெரியும். அந்த வார்ப்பிலேயே "ஈடுசெய் மின்னேற்றம்" என்று வைக்கலாம். வினைத்தொகை, சொல்லவும் எளிது.

ஒரு கவலை உண்டு. ஈக்வலைசேஷன் சார்ஜுக்கு (செல்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் மிகையேற்றம்) பட்டியலில் "சமன்செய் மின்னேற்றம்" இருக்கிறது. "ஈடு" என்பதற்கும் சமம் என்ற பொருள் உண்டே. சமன்செய்வது 15 வோல்ட்டுக்கும் மேலே, நீர் ஊற்றும் வகைக்கு மட்டும், அதுவும் எப்போதாவது சில மணி நேரம். "ஈடுசெய்" என்பதைச் "சமன்செய்" என்று எண்ணி ஏஜிஎம் பேட்டரியை அந்த அழுத்தத்தில் வாரக்கணக்கில் விட்டுவிட்டால் பேட்டரி வறண்டுபோகும். ஆகவே கையேட்டில் இச்சொற்கள் வரும் இடமெல்லாம் வோல்ட் எண்ணையும் கூடவே போடவேண்டும்.

வெப்பத் திருத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். வெப்பம் 1 டிகிரி ஏறினால் அழுத்தத்தை 20 முதல் 30 மில்லிவோல்ட் குறைக்கவேண்டும். 35 டிகிரியில் 13.5 என்பது 13.2 அல்லது 13.3 ஆகிவிடும்.

---

"ஈடுசெய்"க்கு என் ஆதரவு. "கசிவு" பற்றி யாரும் பேசவில்லை. வண்டி நிற்கும்போது பெரிய கேடு அங்கேதான்.

பேட்டரி தனக்குள்ளேயே வேதிவினையால் இழப்பது ஒன்று. அதற்குத் "தன்னிறக்கம்" போதும். நீர் ஊற்றும் வகையில் மாதம் சுமார் 5 விழுக்காடு, ஏஜிஎம்மில் அதைவிடக் குறைவு, வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பு. எந்த ஸ்விட்ச்சாலும் இதை நிறுத்த முடியாது.

வண்டியில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் எரிவாயு உணர்கருவி, ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை, ரேடியோ நினைவகம் போன்றவை இழுத்துக்கொண்டிருப்பது இன்னொன்று. மொத்தம் 100 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நாளுக்கு 2.4 ஆம்பியர்-மணி, 30 நாளில் 72. 100 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்தில் பாதிக்கு வந்துவிடும். அப்படியே கிடந்தால் தகட்டில் ஈய சல்பேட் படிகம் இறுகும். பிறகு முழுக் கொள்ளளவு திரும்பாது.

பாராசிட்டிக் என்பதை அப்படியே பெயர்த்து இதற்கு "ஒட்டுண்ணி" என்று வைக்கவேண்டாம். எரிவாயு உணர்கருவி தேவையான வேலையைத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத சுமை, "மறைசுமை" என்போம்.

இரண்டையும் "கசிவு" என்றால், ஐசோலேட்டரை (பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அணைத்ததோடு வேலை முடிந்தது என்று வாசகர் எண்ணுவார். சில கருவிகள் ஐசோலேட்டருக்கு முன்பே பேட்டரியோடு நேராக இணைக்கப்பட்டிருக்கும். அளந்தால்தான் தெரியும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி இடையில் தொடராக வையுங்கள். கருவிகள் உறக்க நிலைக்குப் போக அரை மணி நேரம் காத்திருந்து படியுங்கள். நடுவில் எஞ்சினை முடுக்கினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

---

மூன்று சொற்களையும் வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன். கையேட்டில் இப்படிப் போகலாம்:

"நிறுத்துமுன் எஞ்சின் பேட்டரி, வண்டிக்குள் இருக்கும் வசதிகளுக்கான வீட்டுப் பேட்டரி இரண்டையும் முழுதாக ஏற்றுக. வண்டியோடு வரும் சார்ஜர் பலவற்றில் வீட்டுப் பேட்டரிக்கு மட்டுமே போகும். எஞ்சின் பேட்டரிக்கும் போகிறதா என்று அதன் முனையில் வோல்ட் பார்த்து உறுதிசெய்க. வெளி மின்சாரம் உண்டெனில் ஈடுசெய் மின்னேற்றத்தில் (13.5 வோல்ட்) விடுக. இல்லையெனில் மறைசுமையை விலக்க எதிர்முனையை முதலில் கழற்றுக. நேர்முனையை முதலில் தொட்டால் ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சூரியத் தகடு இருந்தால் அதற்கும் முன்பே தகட்டின் இணைப்பைத் துண்டிக்க. இவ்வளவுக்குப் பிறகும் தன்னிறக்கம் நடக்கும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து, 12.4 வோல்ட்டுக்கு வந்தால் மீண்டும் முழுதாக ஏற்றுக."

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குத் தனிக் குறிப்பு வேண்டும். அதற்கு ஈடுசெய் மின்னேற்றம் தேவையில்லை. 50 முதல் 60 விழுக்காட்டில் நிறுத்தி இணைப்பைத் துண்டித்தால் போதும். 0 டிகிரிக்குக் கீழே அதை ஏற்றவே கூடாது. இந்தக் குறிப்பு "ஈடுசெய்" பதிவின் அடியிலேயே இருக்கட்டும், பின்னிணைப்புக்குத் தள்ளவேண்டாம்.