அப்டேட்: சூடு மூடி வழியாத்தான் ஓடிருக்கு

ரெண்டு சுவர் வெச்சு பாத்திரம் செஞ்சும் சூடு நிக்கலன்னு போன வாரம் புலம்பியிருந்தேன்ல, திருடன் ஆப்டுட்டான். கொதிக்கிற தண்ணிய ஊத்தி மூடிட்டு தொட்டுப் பாத்தா வெளிச்சுவர் ஜில்லுன்னு இருக்கு, ஆனா மூடி சுடுது, ரெண்டு சுவரும் ஒட்டுற விளிம்புலயும் வளையம் மாதிரி சூடு. ஸ்டீல் காத்த விட 500 மடங்குக்கு மேல வெப்பத்த கடத்தும், அந்த விளிம்பு வழியா சூடு வெளிய ஓடுனா ரெண்டு சுவருக்கும் நடுவுல எவ்ளோ நல்ல வாக்குவம் (காத்தில்லாத வெற்றிடம்) இருந்து என்ன பிரயோஜனம்?

இப்போ வாய குறுக்கி, மூடிக்குள்ள ஃபோம் அடச்சு, சிலிக்கோன் ரிங் போட்டுட்டேன். ஆவி கசியாததுதான் பெரிய லாபம், ஒரு கிராம் ஆவி போனா கூடவே 2,200 ஜூலுக்கு மேல போயிடுது. அப்புறம் பாதி நிரப்பி டெஸ்ட் பண்ணாதீங்க, தண்ணி கம்மியா இருந்தா சீக்கிரம் ஆறிடும், நான் அப்படித்தான் ஏமாந்தேன். உள்ள வெக்கிற சாப்பாடு 60 டிகிரிக்கு கீழ எறங்குனா கிருமி வளர ஆரம்பிச்சிடும், அதனால அடுத்த டெஸ்ட்டு அந்த நேரத்த குறிக்கத்தான்.