வெல்னஸ் பாலிசி எழுத வரிப்பணம் எதற்கு?

டெக்சாஸ்காரன்:
எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பில், மாணவர் நலக் கொள்கையை, அதாங்க பள்ளியில் சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிய வெல்னஸ் பாலிசியை, புதுசாக எழுதப் போகிறார்களாம். அதற்கு ஒரு கன்சல்டன்ட், இருபதாயிரம் டாலர். இப்போது இருப்பதை எடுத்துப் படித்தேன். பன்னிரண்டு பக்கம். ஏழாம் பக்கத்தில் வேறொரு டிஸ்ட்ரிக்டின் பெயர் அப்படியே இருக்கிறது! பரீட்சையில் காப்பி அடிக்கிற பையன்கூட பெயரை மாற்றி எழுதுவான். இதற்கா நான் பிராபர்ட்டி டாக்ஸ் கட்டுகிறேன்? அந்தக் காசை நர்ஸ் சம்பளத்தில் போடலாம்.

ஜெர்சி அம்மா:
அண்ணா, அவர்கள் ஆசைப்பட்டு எழுதவில்லை. அமெரிக்க மத்திய அரசின் மதிய உணவுத் திட்டத்தில் பணம் வாங்கும் டிஸ்ட்ரிக்ட் எல்லாம் இப்படி ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2004இல் சட்டம் வந்தது. 2006 கல்வியாண்டு தொடங்கும்போது தயாராக இருக்க வேண்டும் என்று கெடு. 2010 சட்டம் அதை இறுக்கியது. 2016 விதிகளின்படி மூன்று வருடத்துக்கு ஒருமுறை மதிப்பீடு செய்து ஊருக்குத் தெரிவிக்க வேண்டும், பெற்றோரையும் சேர்க்க வேண்டும். இத்தனை கட்டளை வந்ததே தவிர, உட்கார்ந்து எழுத ஆளுக்குக் காசு வரவில்லை. அந்த ஏழாம் பக்கக் கூத்து, காசு கொடுத்ததால் வந்ததா, கொடுக்காததால் வந்ததா?

டெக்சாஸ்காரன்:
சரி, மாதிரிக் கொள்கைதான் இலவசமாகக் கிடைக்கிறதே. பெயரை ஒழுங்காக மாற்றிப் போட்டால் போச்சு. பள்ளியில் விற்கும் நொறுக்குத்தீனி 200 கலோரியைத் தாண்டக் கூடாது என்பது 2014 முதல் நாடு முழுக்க விதி. இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

ஜெர்சி அம்மா:
நீங்கள் சொல்வது விற்பதற்கான விதி. சும்மா கொடுப்பதற்கு? அதை டிஸ்ட்ரிக்ட்தான் முடிவு செய்ய வேண்டும். என் சின்னவனுக்கு டைப் 1 சர்க்கரை. கணக்கு சரியாகப் போட்டால் ஒரு மிட்டாய் என்று அவன் வகுப்பில் வழக்கம். துவைக்கப் போடும்போது பேன்ட் பாக்கெட்டில் கை விட்டால் மிட்டாய்க் காகிதமாக வரும். இந்தக் கொள்கையை எழுதும் கமிட்டி கூட்டத்துக்குப் போனேன். கேஃபடீரியா மேனேஜர், ஜிம் வாத்தியார், நான். மூன்றே பேர். ஒரு மணி நேரம் பேசி, மிட்டாய்க்குப் பதில் ஐந்து நிமிடம் கூடுதல் ரிசெஸ், அதாவது விளையாட்டு இடைவேளை, என்று எழுதினோம். எந்த மாதிரிக் கொள்கையும் என் பிள்ளை பாக்கெட்டைப் பார்த்து எழுதியதில்லை.

மதுரை மைந்தன்:
நம்ம ஊரில் 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு. கமிட்டியா கூடினார்கள்? அடுப்பைப் பற்ற வைத்தார்கள்.

ஜெர்சி அம்மா:
அங்கே கோட்டையில் ஆணை போட்டால் கன்னியாகுமரி வரை உப்புமா வேகும். இங்கே சுமார் 13,000 டிஸ்ட்ரிக்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்டு. சமையலையும் இதையும் ஒப்பிடாதீங்க.

பழைய வாத்தியார்:
ஒரு வார்த்தை. நானும் டெக்சாஸில் பதினோரு வருடம் வகுப்பெடுத்தவன். பிறந்தநாள் கப்கேக்கோடு வரும் அம்மாவை வாசலில் மறிக்கிற வேலை கடைசியில் வாத்தியார் தலையில்தான் விழும். 2015இல் எங்கள் மாநில விவசாய கமிஷனர் சிட் மில்லர் பதவிக்கு வந்ததும் முதல் காரியமாகக் கப்கேக்குக்குப் 'பொது மன்னிப்பு' அறிவித்தார், வகுப்புக்குத் தாராளமாகக் கொண்டுவரலாம் என்று, ஞாபகம் இருக்கிறதா? கன்சல்டன்டுக்கு நான் காசு தர மாட்டேன். ஆனால் அந்த ஜிம் வாத்தியார் சாயங்காலம் உட்கார்ந்து எழுதினாரே, அவருக்கு யாராவது ஒரு டாலர் கொடுத்தார்களா?

ஜெர்சி அம்மா:
இல்லை சார். நான் கொண்டுபோன சுண்டல்தான்.

டெக்சாஸ்காரன்:
ஜிம் வாத்தியாருக்குக் கொடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. இருபதாயிரம் மட்டும் கூடாது. எங்கள் ஊர் கமிட்டி எப்போது கூடுகிறது என்று இப்போதுதான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணி. வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? லீவு போட்டிருக்கிறேன். ஏழாம் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஜெர்சி அம்மா:
சுண்டலும் எடுத்துட்டுப் போங்க அண்ணா.