‘சன் காடஸ்’ ரோட்ஸ் ஒலி: மோனோவில் எப்படிக் கொண்டுவருவது?

ஜாஸ் பியானோ கலைஞர் ராம்சே லூயிஸின் 1974 ஆல்பம் ‘சன் காடஸ்’ தலைப்புப் பாட்டை மேடையில் வாசிக்கப் போகிறோம். அவருடைய ட்ரையோவில் முன்பு ட்ரம்ஸ் வாசித்த மாரிஸ் ஒயிட்டும் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் இசைக்குழு ஆட்களும் சேர்ந்ததால்தான் சோல் இசை அவ்வளவு இயல்பாக வந்து உட்கார்ந்திருக்கிறது. என்ன ஒரு க்ரூவ்!

சிக்கல் கீபோர்டில். ஹெட்ஃபோனில் இடமும் வலமுமாக ஆடுகிற ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோவின் ட்ரெமலோ (ஒலியளவு ஏறி இறங்கும் எஃபெக்ட்), இரு பக்க ஒலியும் ஒன்றாகச் சேரும் மோனோ அவுட்டில் ஒரே கேபிளாகப் போனதும் காணாமல் போகிறது. ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்குவதால் கூட்டினால் அளவு மாறுவதில்லை. இரண்டு டிஐ பாக்ஸ் (கீபோர்டை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி) போட்டு ஸ்டீரியோவாக அனுப்பினால், ஓரத்தில் இருப்பவர்களுக்குப் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பாதி காதில் விழாமல் போகும். மோனோ ட்ரெமலோவே போதுமா? ஆழம், வேகம் எவ்வளவு வைக்கலாம்? எட்டு நிமிடத்துக்கு மேல் போகிற பாட்டு. கிட்டாரின் பதினாறாம் பாக ஸ்ட்ரம்மிங்கோடு மோதக் கூடாது. வாசித்தவர்கள் சொல்லுங்கள்.