புதுப்பிப்பு: கொழும்பு மேட்ச் டிக்கெட்டை எப்படிப் பிரித்தோம்

போன மாதம் கேட்டிருந்தேன்: சுகததாச அரங்கு மேட்சுக்கு எங்கள் ஹட்டன் ரசிகர்களுக்கு 20 டிக்கெட், கேட்பவர்கள் 34 பேர், யாருக்குக் கொடுப்பது?

பலர் இங்கிலாந்துக் கால்பந்து முறையைச் சொன்னீர்கள். வெளியூர் மேட்சுக்குப் போகப் போகப் புள்ளி சேரும், புள்ளி கூடியவருக்கே முதல் டிக்கெட். பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 இடம் அல்லது அரங்கின் 10 சதவீதம், எது குறைவோ அது. அதனால் புதிதாக வரும் பொடியன்கள் பாடு அங்கேயும் திண்டாட்டம்தான்.

புள்ளி என்றபோது இங்கே யாருக்கும் பிடிபடவில்லை. தோட்டத்துச் செக்ரோல் மாதிரி என்றேன், அதாவது முழு நாள் வேலைக்கு முழுப் பேர், அரை நாளுக்கு அரைப் பேர் என்று போடும் வருகைப் பதிவேடு; உடனே விளங்கிவிட்டது. மழையில் எங்கள் ஊர் டன்பார் மைதானத்தில் கடைசிவரை நின்றவருக்கு முழுப் பேர், இடைவேளைக்குப் பிறகு வந்தவருக்கு அரைப் பேர். 15 டிக்கெட் அப்படிப் போனது. மீதி 5 பிஸ்கட் டின்னில் சீட்டுக் குலுக்கல்.

வேனுக்குக் காசு தந்தவரின் மருமகனும் கேட்டார். கொப்பியில் அவருக்கு அரைப் பேர்கூட இல்லை. “அடுத்த மேட்சுக்குக் குடையோட வாங்க தம்பி” என்றார் பேர் போடும் அண்ணன்.

சரி, நான்? வரிசையில் 16ஆவது. டின்னிலும் விழவில்லை.