ஐடா ஸ்கடர் எழுதிய கடிதங்கள் ஒட்டிக்கொண்டன, பிரிக்க உதவி தேவை

என் பாட்டி 1930களில் வேலூரில் எல்.எம்.பி. என்ற மருத்துவப் பட்டயப் படிப்பு படித்தவர். 1918இல் பெண்களுக்காக அந்த மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அவருக்கு எழுதிய கடிதங்களை ராணிப்பேட்டை வீட்டுப் பரணில் தகரப் பெட்டியில் வைத்திருந்தோம். போன ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.

மெல்லிய தாள், இருபுறமும் பேனா மை. மேலே இருந்தவை தப்பித்தன. நடுவில் உள்ளவை அட்டை மாதிரி ஒட்டிக் கிடக்கின்றன. ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சை. குண்டூசி துருப்பிடித்த இடத்தில் தாள் பொடிந்து ஓட்டை விழுந்திருக்கிறது.

நிழலில், ஃபேன் காற்றில் உலர்த்தினோம். மை ஒற்றும் தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருந்தோம். அப்புறம் ஒரு மூலையை மெல்லப் பிரித்தபோது எழுத்து அடுத்த தாளோடு போனது, உடனே நிறுத்திவிட்டேன். கடையில் லேமினேஷன் செய்யச் சொன்னார்கள். சூட்டில் ஒட்டினால் திரும்ப எடுக்கவே முடியாது என்பதால் மறுத்துவிட்டேன்.

ஐடா ஸ்கடருடைய ஆவணத் தொகுப்பு அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பாட்டிக்கு வந்த இந்தக் கடிதங்கள் எங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன.

மை அழியாமல் தாள்களைப் பிரித்துத் தரக்கூடிய, தனிநபர்களிடமும் வேலை எடுத்துக்கொள்ளும் ஆவணப் பாதுகாப்பு வல்லுநர் யாரையாவது சென்னை, வேலூர் பக்கம் உங்களுக்குத் தெரியுமா?